இரவில் மலைச் சைக்கிள்: விளக்கு ஹேண்டில்பாரிலா, ஹெல்மெட்டிலா?

இருட்டிய பிறகு காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள், விளக்கு எத்தனை லூமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதை எங்கே பொருத்துவது என்ற கேள்விதான் முந்தி வர வேண்டும் என்பேன்.

ஹேண்டில்பார் விளக்கு கண்மட்டத்துக்கு வெகுவாகக் கீழே இருக்கிறது. ஒளி தரையோடு சாய்ந்து பாய்கிறது. பாதையின் குறுக்கே வேர் ஓடினால் அதற்கு அப்பால் நிழல் நீண்டு விழும். அந்த நிழலைப் பார்த்தே வேரின் உயரத்தைக் கணித்து முன்சக்கரத்தைத் தூக்கிவிடலாம். குழியென்றால் நம் பக்கத்து விளிம்பை ஒட்டிக் கறுத்துக் கிடக்கும். ஹெல்மெட் விளக்கில் இந்த வசதி இல்லை. ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே புறப்படுவதால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதே வேர், தரையில் இழுத்த கோடுபோலத் தட்டையாகத் தெரியும். மூடுபனியோ புழுதியோ இருந்தால் இன்னும் மோசம்: துகள்களில் பட்ட ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைத் திரை எழும்பிவிடும்.

அப்படியானால் ஹேண்டில்பாரே போதுமா? கொண்டை ஊசி வளைவு வரும்வரை போதும். வளைவுக்குள் நுழையும்போது அது எதிரிலுள்ள அடிமரங்களுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கும். நாம் போக வேண்டிய பாதையோ பக்கவாட்டில், இருட்டில். திடீரென்று இறங்கும் சரிவின் உச்சியிலும் அதன் ஒளி காற்றில்தான் போகும். தலை திரும்பிய பக்கமெல்லாம் திரும்பும் விளக்கு அங்கே கைகொடுக்கிறது. சங்கிலி கழன்றால் இரண்டு கைகளும் வேலை செய்ய வெளிச்சம் தருவதும் அதுவே.

எடையை அலட்சியப்படுத்தாதீர்கள். ஹெல்மெட் விளக்கு 150 கிராமைத் தாண்டினால் குலுங்கும் இறக்கத்தில் கழுத்து வலிக்கும். பேட்டரியைத் தனியாக முதுகுப்பையில் வைத்து வயரில் இணைக்கும் வகை நல்லது. தாழ்ந்த கிளையில் சிக்கினால் எளிதில் கழன்றுவிடும் பிடிமானமும் அவசியம். லித்தியம் பேட்டரி கடுங்குளிரில் சீக்கிரம் தீரும் என்பது இரண்டு வகைக்கும் பொது.

ஒரே விளக்குதான் வாங்க முடியும் என்றால், நெருக்கமான மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் பாதைக்கு ஹெல்மெட். அகலமான, நேரான பாதைக்கு ஹேண்டில்பார். இரண்டும் வாங்க முடிந்தால் தயங்கவே வேண்டாம். ஆனால் பிரகாசமானது கீழேயும் மங்கலானது தலையிலும் இருக்கட்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். மேலிருந்து விழும் பலத்த ஒளி, கீழ் விளக்கு உண்டாக்கிய நிழல்களையெல்லாம் அழித்துவிடுகிறது. கீழே அகலமாகப் பரவும் ஒளி, தலையில் குவிந்து தொலைவுக்குப் பாயும் ஒளி என்று தேர்ந்தெடுங்கள். உடன் வருபவரிடம் பேசத் திரும்பும் முன் ஹெல்மெட் விளக்கைக் கட்டாயம் தணித்துவிடுங்கள்: ஒருமுறை கண் கூசிவிட்டால், இருட்டுக்கு முழுமையாகப் பழக அவருக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகலாம்.