‘15 நாளில் 5 கிலோ’ பவுடர்: வாங்காதீர்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்தாதீர்கள்

உடம்பு தேறவில்லையே என்று ஏங்குபவர்களை, முக்கியமாகக் கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்களையும் கல்லூரிப் பையன்களையும் பார்த்து, எடை கூட்டும் பவுடர், லேகியம், மாத்திரைப் பொட்டலம் என்று விற்கிறார்கள். இதில் இரண்டு வகை. ஒன்று வேலை செய்யாது, பணம் மட்டும் போகும். இன்னொன்று நன்றாகவே வேலை செய்யும். பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

ஏற்கெனவே மூன்று வாரத்துக்கு மேலாக இப்படி ஒன்றைச் சாப்பிட்டு, பசி திடீரென்று அதிகமாகி, முகம் உப்பிக்கொண்டு வருகிறது என்றால், பயந்துபோய் இன்றே குப்பையில் போட்டுவிடாதீர்கள். டப்பாவோடு நாளைக்கே ஒரு பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். காரணம் கீழே இருக்கிறது.

விற்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ரீல்ஸில் ‘முன்பு, பின்பு’ படம். மெசேஜ் அனுப்பினால், ‘சிஸ்டர், நூறு சதவீதம் ஹெர்பல், சைடு எஃபெக்ட் கிடையாது’ என்று குரல் பதிவு. உயரம், எடை கேட்பார்கள். வேறு எதையும் கேட்க மாட்டார்கள்: எத்தனை நாளாக எடை குறைகிறது, இருமல் இருக்கிறதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா, எதுவும் இல்லை. ஜிபேயில் பணம் போன பிறகு கூரியரில் வருவது பெரும்பாலும் லேபிளே இல்லாத டப்பா, அல்லது கம்ப்யூட்டர் சென்டரில் அடித்த ஸ்டிக்கர். மாத்திரையாக இருந்தால் அட்டையிலிருந்து பிரித்து ஜிப் கவரில் போட்டிருப்பார்கள். அட்டை இருந்தால் மருந்தின் பெயர் தெரிந்துவிடும் அல்லவா? பில் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 15 நாளில் 5 கிலோ என்றால், வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் தினமும் சுமார் 2,570 கலோரி. அதாவது நாளுக்கு முக்கால் கிலோ அரிசியைக் கூடுதலாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும். மாவு, சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள்) எதுவானாலும் ஒரு கிராமுக்கு 4 கலோரிதான். அரைக் கிலோ டப்பாவை ஒரு துளி மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டாலும் 2,000 கலோரி. கூடக்கூடிய எடை கால் கிலோ. ஆகவே இரண்டு ஸ்பூன் பவுடரில் ஒருவருக்கு ஐந்து கிலோ ஏறியது உண்மையென்றால், அந்த எடை பவுடரில் இருந்த சத்திலிருந்து வரவில்லை. பவுடருக்குள் மருந்து இருக்கிறது.

வழக்கமாக இரண்டு மருந்துகள். முதலாவது சைப்ரோஹெப்டடின். ஒவ்வாமைக்கான பழைய மருந்து, 4 மி.கி. மாத்திரையாக வருகிறது. பசியைத் தூண்டுவது அதன் பக்க விளைவு. மருத்துவர்கள் சிலருக்கு அதற்காகவே அளவு பார்த்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் நல்ல தூக்கக் கலக்கம் வரும். ‘பவுடர் சாப்பிட்டால் தூக்கம் வரும், உடம்பு பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்’ என்று விற்பவர் சொல்வது இந்தத் தூக்கத்தைத்தான். அந்த மயக்கத்தில் காலையில் பைக் ஓட்டுவது ஆபத்து. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். கண் அழுத்த நோயில் ஒரு வகை உள்ளவர்களும் புராஸ்டேட் வீங்கி சிறுநீர் போகச் சிரமப்படுபவர்களும் இதைத் தொடவே கூடாது. மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளின் பலனையும் இது குறைத்துவிடும். அமெரிக்காவில் இந்த மருந்து கலந்த ‘அபிடமின்’ என்ற சிரப்பை வாங்க வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது.

இரண்டாவது, டெக்ஸாமெத்தசோன். இது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ மருந்து. உயிர் காக்கும் இடங்களில் அருமையான மருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன், 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோனுக்குச் சமம். நம் உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டும் அதுவேதான்; ஒரு நாள் முழுவதும் சுரப்பதே அந்த அளவில்தான். இரவு 11 மணிக்கு 1 மி.கி. கொடுத்து மறுநாள் காலை உடம்பின் கார்ட்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்பது நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் செய்யும் ஒரு பரிசோதனை. ஒரு நாளைக்கான பவுடரில் 0.5 மி.கி. மாத்திரை இரண்டைப் பொடித்துப் போட்டால், அதே அளவு தினமும் உள்ளே போகிறது. பெரிய பாத்திரத்தில் கையால் கிளறிக் கலப்பதால் ஒரு ஸ்பூனில் துளியும் இருக்காது, அடுத்த ஸ்பூனில் மூன்று மடங்கு இருக்கும்.

ஏமாற்று வெளியே தெரியாமல் போவது முதல் மாதத்தில்தான். பசி பிய்த்துக்கொண்டு வரும், கன்னம் நிரம்பும், வீட்டில் எல்லோரும் ‘இப்பதான் முகத்துல ஒரு களை வந்திருக்கு’ என்பார்கள். நன்றாகப் பாருங்கள்: முகம் வட்டமாகிறது, வயிறு முன்னே வருகிறது, பின்கழுத்துக்குக் கீழே சதை திரள்கிறது. கையும் காலும் அப்படியே இருக்கும், அல்லது இன்னும் மெலியும். ஸ்டீராய்டு தசையைக் கரைத்துக் கொழுப்பை நடு உடம்பில் சேர்க்கிறது. அதனால் தரையில் உட்கார்ந்து எழும்போது தொடை வலுவில்லாமல் கையை ஊன்ற வேண்டியிருக்கும். வயிற்றிலும் தொடையிலும் அகலமான கருஞ்சிவப்புக் கோடுகள், முகப்பரு, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றாக வரும். மாதக்கணக்கில் போனால் எலும்பு தேயும், கண்ணில் புரை விழும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நம் ஊரில் காரணமில்லாமல் மெலிபவர்களில் ஒரு பகுதியினருக்குக் காசநோய் இருக்கும். அவர்களுக்கு இந்தப் பவுடர் போனால், ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கும், பசியைக் கொடுக்கும், குணமாகிவிட்டது போலவே தோன்றும். உள்ளே எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிருமி பரவிக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் உறுதியானால் நிக்ஷய் போஷண் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது.

இப்போது நிறுத்தும் விஷயம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தினமும் வந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மூன்று வாரத்துக்கு மேல் அப்படிக் கிடந்த சுரப்பி, பவுடரை நிறுத்திய மறுநாளே விழித்துக்கொள்ளாது. சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடம்புக்குத் தாங்கும் சக்தி இருக்காது. கடும் அசதி, வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, ரத்த அழுத்தம் சரிவது, சர்க்கரை இறங்குவது என்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த நிலையில் 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் பவுடர் இத்தனை வாரமாகச் சாப்பிட்டேன்.’ அதைச் சொன்னால்தான் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி நேரத்துக்குக் கிடைக்கும். சொல்லாவிட்டால் வெறும் ஃபுட் பாய்சன் என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

அவசரம் இல்லாதவர்களுக்கு மருத்துவர் வழக்கமாகச் செய்வது, காலை 8 மணி வாக்கில் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பது. அது மிகக் குறைவாக இருந்தால், பவுடரை நிறுத்திவிட்டு, அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்து, சில வாரமோ சில மாதமோ படிப்படியாகக் குறைப்பார். நீங்களாகவே ‘பாதி ஸ்பூன், கால் ஸ்பூன்’ என்று குறைக்காதீர்கள். ஸ்பூனில் என்ன இருக்கிறது என்பதே தெரியாதே. நிறுத்தியபின் எடை இறங்கத்தான் செய்யும். இந்த நேரம் பார்த்து விற்றவர் ‘கோர்ஸை முடிக்கல, அதான், ரெண்டாவது டப்பா எடுங்க’ என்பார். அந்த மெசேஜுக்குப் பதில் போடாதீர்கள். ஆனால் அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்கு வேண்டும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கத் தண்ணீரில் கரைத்துப் பார், எரித்துப் பார் என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். அரைக் கிலோ மாவில் சில மில்லிகிராம் கலந்திருப்பதை நிறத்திலோ வாசனையிலோ சுவையிலோ பிடிக்க முடியாது. ஆய்வகக் கருவி வேண்டும். கையில் இருப்பது லேபிள்தான், அதைப் படியுங்கள். உணவு என்று விற்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், காலாவதி நாள் இருக்க வேண்டும். இரண்டுமே இல்லாத பொருளுக்கு மூலிகைப் பெயர் எத்தனை அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாது. எண் இருந்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற உரிமத் தளத்தில் போட்டுப் பாருங்கள்: யாரோ ஒரு பேக்கரியின் எண்ணை ஒட்டியிருப்பார்கள். அமுக்கரா (அஸ்வகந்தா) லேகியம் மாதிரியானவற்றை முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் நேரில் காட்டி வாங்குவது வேறு விஷயம். அதை இதோடு குழப்ப வேண்டாம். அமுக்கராவும் எல்லோருக்கும் ஆகாது, தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

ஜிம்மில் விற்கும் ‘மாஸ் கெய்னர்’ பெரும்பாலும் முதல் வகை: உயிருக்கு ஆபத்தில்லை, பர்ஸுக்குத்தான். ‘ஒரு சர்விங்கில் 1,000 கலோரி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், சர்விங் எத்தனை கிராம் என்று சின்ன எழுத்தில் தேடுங்கள். 200, 250 கிராம் இருக்கும். பாலில் கலந்தால் என்று சொல்லிப் பாலின் கலோரியையும் சேர்த்திருப்பார்கள். முதல் சேர்மானம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால் நீங்கள் வாங்குவது முக்கியமாக மாவுச்சத்து. இன்னொரு தில்லுமுல்லு: புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது வழக்கமான முறை. கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருளைச் சேர்த்து நைட்ரஜனை ஏற்றினால், லேபிளில் புரதம் கூடுதலாகத் தெரியும்.

சரி, உண்மையிலேயே எடை குறைவுதானா? கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ.; 18.5-க்குக் கீழ் என்றால் குறைவு. 155 செ.மீ. உயரத்துக்கு 44.5 கிலோ, 170 செ.மீ.க்கு 53.5 கிலோ என்பதுதான் அந்தக் கோடு. அதற்கு மேல் இருந்து ஆரோக்கியமாகவும் இருப்பவர்களிடம்தான் இந்த வியாபாரிகள் அதிகம் விற்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம். பி.எம்.ஐ. 16-க்கும் கீழே இருப்பவர்கள் வீட்டில் தாமாகவே திடீரென்று அதிகம் சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பேட் சட்டென்று சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவர் மேற்பார்வையில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

மற்றவர்களுக்கு இலக்கு, தினம் 300 முதல் 500 கலோரி கூடுதல். 500 என்றால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் ஏறும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 250 மி.லி. (சுமார் 215 கலோரி), வறுத்த நிலக்கடலை 30 கிராம் (170), ஒரு வாழைப்பழம் (100): இது போதும், கிட்டத்தட்ட 485 வந்துவிட்டது. இட்லிப் பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் இன்னொரு 120. பலருக்குத் தவறுவது கஞ்சியில்தான். இரண்டு ஸ்பூன் சத்து மாவைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் வயிறு நிறையும், கிடைப்பதோ நூற்றுச் சொச்சம் கலோரி; அடுத்த வேளைச் சாப்பாட்டையும் அது கெடுத்துவிடும். மாவைப் பாலில் கெட்டியாகக் காய்ச்சி நெய் விடுங்கள். சாப்பாட்டுக்கு முன் காபி, டீ, தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப் போடுங்கள். பால் வயிற்றை உப்ப வைத்தால் தயிருக்கு மாறுங்கள். வாரம் மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, தண்டால், உட்கார்ந்து எழுதல், எடை தூக்குதல் எதுவானாலும் சேருங்கள். இல்லாவிட்டால் ஏறுவதில் பெரும்பகுதி தொப்பைக்கே போகும். வாரம் ஒரு நாள், காலையில் கழிவறை போய் வந்ததும், அதே எடைக் கருவியில் பாருங்கள். மூன்று வாரம் அசையவில்லை என்றால் இன்னும் 200 கலோரி ஏற்றுங்கள்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை, அல்லது முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்துவிட்டது என்றால், முதலில் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), வெறும் வயிற்றுச் சர்க்கரை, முழு ரத்த அணுக்கள், மார்பு எக்ஸ்ரே. இதில் எதையும் பவுடர் விற்பவர் கேட்டிருக்க மாட்டார்.

ஏமாந்தவர்கள் டப்பாவை மூடி வையுங்கள். மிச்சப் பவுடர்தான் சாட்சி. கூரியர் கவர், பணம் போன ஸ்கிரீன்ஷாட், குரல் பதிவு எல்லாம் வேண்டும். மருந்து கலப்படப் புகார், சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அல்லது உங்கள் பகுதி மருந்து ஆய்வாளருக்கு. உணவு என்று விற்றிருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு. மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு ஆய்வகப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதிக்கக் கேட்கலாம். உடம்பில் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் உதவி எண் 1915.