கடப்பா கல்லை உடைப்பதா, கதவை மட்டும் மாற்றுவதா?

சென்னையிலோ கோவையிலோ தொண்ணூறுகளில் கட்டிய வீடு என்றால் சமையல் மேடைக்குக் கீழே என்ன இருக்கும் என்று பார்க்காமலேயே சொல்லலாம்: குறுக்கும் நெடுக்குமாகக் கடப்பா கல், முன்னால் மரச்சட்டம், ஓரம் உரிய ஆரம்பித்த மைக்கா கதவு, துருப்பிடித்த கீல். இதைப் புதுப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தால் மூன்று யோசனை வரும். மாடுலர் கிச்சன் கடைக்காரர் எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிடலாம் என்பார். அலுமினியம் வேலை செய்பவர் சீக்கிரம், மலிவாக முடித்துத் தருகிறேன் என்பார். தெரிந்த கார்பென்டர், "கல்லு இருக்கட்டும் சார், டோர் மட்டும் மாத்திக்கலாம்" என்பார். என் ஓட்டு கார்பென்டருக்கு. ஆனால் அவர் சொல்வதை அப்படியே கேட்கவும் வேண்டாம், ஒரு திருத்தம் இருக்கிறது.

முதலில் மாடுலர். அதில் கவர்ச்சியாகத் தெரிவது பளபளப்பு, உண்மையில் பயன்படுவது டிராயர். கல் அலமாரியின் பெரிய குறை அதன் ஆழம்தான்: மேடை 2 அடி ஆழம் என்றால் பின்னால் இருக்கும் ஒரு அடி இருட்டு, அங்கே போன பாத்திரம் பொங்கலுக்கு ஒழிக்கும்போதுதான் வெளியே வரும். டிராயர் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது, குனிந்து தேட வேண்டியதில்லை. சரி, அதற்காக எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமா? பழைய மேடையில் கிரானைட் உட்கார்ந்திருப்பதே அந்தக் கல் தாங்கிகளின் மேல்தான். தாங்கியை எடுத்தால் கிரானைட்டைக் கழற்ற வேண்டும், அது உடையாமல் வந்தால் அதிர்ஷ்டம், கூடவே சுவர் டைல்ஸ், சிங்க் குழாய், கேஸ் லைன் என்று வேலை நீளும், அதுவரை ஹாலில் ஒரு மூலையில் இண்டக்ஷன் அடுப்பு. இவ்வளவுக்கும் பிறகு கல்லுக்குப் பதிலாக வருவது 18 மி.மீ. பிளைவுட் பெட்டி.

கல்லையும் பிளைவுட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கல் தோற்கிற இடங்கள் குறைவு. கரையான் தின்னாது, ஊறி உப்பாது, 25 கிலோ அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் வருஷக்கணக்கில் வைத்தாலும் நடுவில் தொய்யாது, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவலாம். பிளைவுட்டில் நல்லதை வாங்கினால் அதுவும் உழைக்கும், மறுக்கவில்லை. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பார்க்கிற சோதனையைத் தாண்டி வருவது. ஆனால் வெட்டிய ஓரமும் திருகாணித் துளையும்தான் தண்ணீர் நுழையும் வழி, நம் வீடுகளில் சமையலறைத் தரையைக் கழுவித் தள்ளுகிற பழக்கமும் இருக்கிறது. பெட்டிக்கு அடியில் 4 அங்குலக் கால் வைத்தாலும் சிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டிதான் முதலில் போகும். விலையைக் குறைக்க, மரச்சில்லுகளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டில் பெட்டி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அலுமினியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரையான் பயம் இல்லை, மலிவு, வேகம். வாடகைக்கு விடும் வீட்டுக்கு இதைவிடச் சிக்கனம் கிடைக்காது. ஆனால் மெல்லிய குழாயில் செய்த கதவு ஒவ்வொரு முறை சாத்தும்போதும் சத்தம் போடும், ஒரு இடி பட்டால் நசுங்கும். கடற்கரைப் பக்கம் பவுடர் கோட்டிங் இல்லாத அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக என் திருத்தம் இதுதான்: கல் இருக்கட்டும், கதவு புதிதாகட்டும், ஆனால் இரண்டு மூன்று திறப்புகளில் மட்டும் கதவைத் தூக்கிவிட்டு உள்ளே ஒரு பெட்டி செருகி டிராயர் போடுங்கள். அடுப்புக்குக் கீழே ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று. டிராயர் ஓடுகிற தண்டவாளமான சேனலைக் கல்லில் நேராகத் திருக முடியாது, கல்லும் தூக்குக்குண்டு வைத்த மாதிரி நேராக இருக்காது, அதனால்தான் பெட்டி. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அளவு எடுக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது. கல்லுக்குக் கல் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. என்று வையுங்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை, 36 போயிற்று. டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 மி.மீ., இன்னொரு 26 போயிற்று. டிராயரின் வெளி அகலமே 319தான் வரும், 12 மி.மீ. பலகையில் செய்தால் உள்ளே 295, ஒரு அடிக்கும் கொஞ்சம் குறைவு. 12 அங்குலத் திறப்புக்கு இதே கணக்கைப் போட்டால் மிஞ்சுவது ஒரு கரண்டி டிராயர். அதனால் அகலமான திறப்புகளை டிராயருக்கு ஒதுக்குங்கள், குறுகலானவற்றைக் கதவோடு விட்டுவிடுங்கள்.

கதவுக்குப் பலகை எது என்பதில்தான் சண்டை அதிகம். டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது), பிவிசி (பிளாஸ்டிக்) போர்டுக்குத் தண்ணீரும் கரையானும் ஒரு பொருட்டே இல்லை, சிங்க் அடியில் எனக்கு அதுதான் விருப்பம். ஆனால் திருகாணியைப் பிடித்து வைப்பதில் பிளைவுட் அளவுக்கு வராது, நாளாக நாளாகக் கீல் இருக்கும் இடத்தில் தளர்ந்து கதவு ஒரு பக்கம் தொங்கும். பிவிசி சூட்டில் இளகுகிற பொருள், எனவே அடுப்புக்கு ஒட்டிய கதவுக்கு வேண்டாம். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப், அதிலேயே அடர்த்தியும் ஈரம் தாங்குவதும் கூடிய எச்டிஎச்எம்ஆர் பலகைகள் தட்டையாக, வளையாமல் நிற்கும், பெயின்ட் அடிக்க அருமை, ஆனால் சாதாரண எம்டிஎஃப்புக்கு ஈரம் எதிரி. என்னைக் கேட்டால் மரைன் பிளைவுட், வெளியே 1 மி.மீ. லேமினேட் (மைக்கா), உள்ளேயும் கண்டிப்பாக ஒரு லேமினேட். உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வில் போல வளையும். ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் என்ற பட்டையைக் கையால் ஒட்டாமல் மெஷினில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பளபளக்கும் அக்ரிலிக் கண்ணுக்கு அழகுதான், தினமும் கடுகு தாளிக்கிற வீட்டில் கைரேகையும் கீறலும் ஒரு மாதத்தில் தெரியும். வரிவரியாகச் சொரசொரப்பான லேமினேட்டும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு அந்த வரிகளுக்குள் குடியேறிவிடும்.

இனி ஹார்டுவேர். பட்ஜெட்டைக் கதவில் குறைத்து இங்கே கூட்டுங்கள், ஏனென்றால் தினமும் கைபடுவதும் முதலில் கெடுவதும் இதுதான். ஹெட்டிச், எப்கோ, ஹாஃபெலே, ப்ளம் எது என்றாலும் சரி, பெயர் தெரிந்த கம்பெனிக் கீலாக இருக்கட்டும். கதவுக்கு, இடிக்காமல் மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் வசதிதான், அவசியம் இல்லை. எவர்சில்வர் பாத்திரம் நிறைந்த கனமான டிராயருக்கு அது அவசியம். கார்பென்டர்கள் ஆட்டோ ஹின்ஜ் என்று சொல்கிற 35 மி.மீ. கிண்ணக் கீலில் கை வளைவு மூன்று விதம்: கதவு பக்கப் பலகையை முழுதாக மூடினால் நேர்க் கை, ஒரே பலகையை இரண்டு கதவுகள் பங்கு போட்டால் பாதி வளைவு, கதவு சட்டத்துக்கு உள்ளே அமர்ந்தால் முழு வளைவு. பழைய கல் அலமாரிகளில் பெரும்பாலும் கதவு சட்டத்துக்குள் இருக்கும், ஆகவே கடைக்குப் போகும்போது பழைய கீலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 3 அடி உயரம் வரை கதவுக்கு 2 கீல் போதும், அதைத் தாண்டினால் 3.

டிராயருக்குக் கம்பிக் கூடையா, பக்கங்கள் உலோகத்தில் வரும் டேண்டம் பாக்ஸா? கழுவின பாத்திரத்தை ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வைக்கிற வீடு என்றால் கம்பிக் கூடைதான். டேண்டம் பாக்ஸின் அடியில் இருப்பது பலகை, தண்ணீர் தேங்கி ஊறும். டப்பா, மளிகை, காய்ந்த பாத்திரத்துக்கு டேண்டம் பாக்ஸ் அருமை, சின்னச் சாமான் கம்பி இடுக்கில் விழாது. கூடை வாங்கும்போது ஒரு விஷயம். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 என்ற உயர்தர ஸ்டீல் என்று கடையில் செய்து காட்டுவார்கள். 202 என்ற மலிவு ரக ஸ்டீலிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, இந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. 304-இல் நிக்கல் 8 விழுக்காடு அளவுக்கு இருக்கும், 202-இல் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், அதனால்தான் விலையும் குறைவு, துருவும் சீக்கிரம். திருவான்மியூர், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இந்த வித்தியாசம் சீக்கிரமே கண்ணில் படும். சொட்டு விட்டு நிறம் பார்க்கிற ரசாயனம் கிடைக்கிறது, இல்லையென்றால் பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

கைப்பிடியில், கதவு ஓரத்திலேயே விரல் நுழையும் பள்ளமாக வரும் ஜி புரொஃபைல் பார்க்க நவீனமாக இருக்கும், அந்தப் பள்ளத்தில் மாவும் எண்ணெயும் சேர்வதைத் துடைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சாதாரண டி (D) வடிவக் கைப்பிடியே போதும். கதவை மாற்றாமல் கைப்பிடியை மட்டும் மாற்றுகிறவர்கள் துளைக்குத் துளை அளந்துகொள்ளுங்கள், இப்போது கடையில் இருப்பவை 96, 128, 160 மி.மீ. என்று 32-இன் மடங்கில் வரும். பழைய 4 அங்குலக் கைப்பிடி 101.6 மி.மீ., 96-க்கு உட்காராது. புதுத் துளை போட்டால் பழைய துளை பக்கத்திலேயே பல்லிளிக்கும்.

சிலிண்டர் வைக்கிற திறப்புக்கு அழகுக்காக முழுசாகக் கதவு போடுகிறவர்கள் அதன் அடிப்பக்கத்தில் காற்றுத் துளை விடச் சொல்ல வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், மேலே போடுகிற காற்றுத் துளைத் தட்டி (ஜாலி) அதற்கு உதவாது.

மாடுலரே சரி என்று நான் சொல்கிற வீடுகளும் உண்டு. கிரானைட் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தாலோ, சிங்க் குழாய் சுவருக்குள் கசிந்தாலோ, சமைப்பவருக்கு மேடை ரொம்பத் தாழ்வாக இருந்து தினமும் முதுகு வலித்தாலோ எப்படியும் உடைத்தே ஆக வேண்டும். அப்போது தயங்காமல் மாடுலருக்குப் போகலாம், ஆனால் அப்போதும் சிங்குக்குக் கீழே பெட்டி வேண்டாம், இரண்டு பக்கமும் கல் நிறுத்தி முன்னால் ஒரு டபிள்யூபிசி கதவு மட்டும் போடச் சொல்லுங்கள்.