தர்மபுரி பக்கம் தண்ணி மிஷின் வாங்கப் போறீங்களா, முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க

ஆர்.ஓ. மிஷின் மாட்டி எட்டு மாசம் ஆச்சு, இப்பதான் ரிவியூ போடறேன். எங்களுது பென்னாகரம் பக்கம் தோட்டத்து வீடு, போர் தண்ணிதான். அஞ்சு வருஷம் முன்னாடி கடைக்காரர் சொன்னத நம்பி யூவி மிஷின் வாங்கினோம், தண்ணி கண்ணாடி மாதிரி வந்துச்சு, நாங்களும் நிம்மதியா குடிச்சிட்டு இருந்தோம். பொண்ணுக்கு பால் பல்லு விழுந்து முன்பல்லு முளைச்சப்ப பாத்தா சுண்ணாம்பு இழுத்து விட்ட மாதிரி வெள்ள வெள்ளயா கோடு, ஓரத்துல காப்பி கலர்ல கறை வேற. பேஸ்ட்ட மாத்தி மாத்தி தேய்க்க வெச்சேன், புள்ள ஈறுல ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

பல் டாக்டர் பாத்த உடனே ஃப்ளூரைடுன்னு சொல்லிட்டாங்க. பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே புடிக்கிற கறையாம், தேய்ச்சா போகாது. குடிநீர் வடிகால் வாரிய லேப்ல தண்ணிய குடுத்தோம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது, எங்க போர்ல அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. யூவி கிருமியதான் கொல்லும், பாறையில இருந்து கரைஞ்சு வர்ற ஃப்ளூரைட ஒண்ணும் பண்ணாது. கொதிக்க வெச்சாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அதிகமாத்தான் ஆகும். பக்கத்து தோட்டத்து பாட்டிக்கு கழுத்து திரும்பாது, கீழ குந்த முடியாது, எல்லாரும் வயசுன்னே நெனச்சோம், அதுவும் இந்த தண்ணியாலதான்னு அவங்க டாக்டர் சொல்லிட்டாராம். மனசு கேக்கல எனக்கு.

இந்த ஆர்.ஓ. போட்டப்புறம் மறுபடி டெஸ்ட் பண்ணோம், 1-க்கு கீழ வந்துடுச்சு. அதுக்கே முழு மார்க் குடுப்பேன். ஆனா சர்வீஸ் மோசம், மூணு தடவ போன் பண்ணி பன்னெண்டாம் நாள் வந்தாங்க. ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு லிட்டர் வேஸ்ட்டா போகுது, அதுல ஃப்ளூரைடு இன்னும் கூட இருக்கும், தயவு செஞ்சு மாட்டுக்கு வெக்காதீங்க, நாங்க வாசல் கழுவ, பாத்ரூமுக்கு ஊத்திடறோம். கடையில டிடிஎஸ் மீட்டர் காட்டுவாங்க, அது மொத்த உப்பத்தான் காட்டும், ஃப்ளூரைடு எவ்ளோன்னு அதுல தெரியாது.

2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்ததே இந்த ஃப்ளூரைடுக்காகத்தான், அந்த ஆத்து தண்ணி ஒழுங்கா வர்ற வீடுன்னா அதையே குடிங்க, ஃப்ளூரைடுக்காக மிஷின் வாங்க வேணாம். போர்தான்னா குடிக்க மட்டும் இல்ல, சமையலுக்கும் ஆர்.ஓ. தண்ணி புடிங்க. சின்னவனுக்கு ரெண்டு வயசு, அவனுக்கு பருப்பு வேகவெக்கிறது கூட இப்ப இதுலதான்.