ஷாட் டைமர்: கேட்காததையும் கேட்கும் பெட்டி

துப்பாக்கிச் சுடும் பயிற்சியில் நேரம் பிடிக்கும் ஷாட் டைமரின் புது மாடல் விலை இறங்கியிருக்கிறது போல. ஆளாளுக்குப் படத்தை அனுப்பி "எடுக்கலாமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது அதற்கு முந்தைய மாடல். வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன, நடுவில் ரிப்பேருக்கும் போய் வந்தாயிற்று. கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை, படம் அனுப்பியவர்களுக்கு எதுவென்று தெரியும்.

டைமர் செய்யும் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். பொத்தானை அழுத்திய பிறகு நான்கு வினாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் பீப் வரும். அதிலிருந்து ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் மைக்கில் பிடித்து நூறில் ஒரு வினாடிக் கணக்கில் எழுதி வைக்கும். கெடு வைத்தால் கெடு முடிந்ததும் இன்னொரு பீப். இதில் பீப்பும் நல்லது, கடிகாரமும் நல்லது. மைக் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் சுடுவது கிளப்பின் .22 போல்ட் ரைஃபிளில் (சின்னத் தோட்டா, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துவிட வேண்டும்), 25 மீட்டரில் தொங்கும் இரும்புத் தட்டுகளை. சொந்தத் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் ரைஃபிள்கூட ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு வருடம் வரை உள்ளே போகலாம். அதுபோக நாங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான் மலாயாவில் அவசரகாலமே பிறந்தது. முள்வேலி, ஊரடங்கு என்று பெரியவர்கள் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குக் கிளம்புவது இன்றுவரை பிடிக்கவில்லை. "நம்ப சாதிசனத்துக்கு எதுக்குடா அந்தக் கருமம்" என்பார், பசியாறிவிட்டுப் போகச் சொல்லவும் மறக்கமாட்டார். இதில் டைமர் மட்டும் ஆயுதம் இல்லை என்பதால் வீட்டுக்கு வரும், மேசை டிராயரில் கிடக்கும்.

நேரம் வைத்துச் சுடுவது ஒன்றும் புதிது இல்லை. முதல் உலகப்போருக்கு முன்பே பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு நிமிடத்தில் 300 கஜத்துக்கு 15 குண்டு, குறிபார்த்து, என்று பயிற்சி வைத்திருந்தார்கள். அதுவும் .303 லீ என்ஃபீல்ட் ரைஃபிளில், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து. அதே .303 பின்னால் அவசரகாலத்தில் நம் தோட்டங்களில் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் தோளிலும் தொங்கியது. அவர்களுக்கு நிமிடக் கணக்கு போதும். நமக்கு இன்று நூறில் ஒரு பங்கு தெரிய வேண்டியிருக்கிறது, தெரிந்த பிறகு நிம்மதி போய்விடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டைமர் இல்லாத காலத்தில் நான் மெதுவாகச் சுடுகிறேன் என்று எல்லாரும் சொன்னார்கள், குறிபார்க்கத்தான் நேரம் எடுக்கிறேன் என்று பயிற்றுநர் முதற்கொண்டு நம்பினார்கள். பெட்டியில் ஐந்து குண்டின் கணக்கைப் பார்த்தால் கதை வேறு. பீப்புக்குப் பின் முதல் குண்டு 2.4 வினாடியில் போயிருக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. பிறகு 1.5, 1.9, 1.5, 1.6. அந்த 1.9 ஏறக்குறைய எல்லா வரிசையிலும் அதே இடத்தில் வந்தது. பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொன்னதில், மூன்றாவது குண்டுக்குப் போல்ட் இழுக்கும்போது கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு ஒரு விரல் அளவு எழும்புகிறது, திரும்பவும் கண்ணும் குறியும் ஒரே கோட்டுக்கு வர அந்த 0.4 போகிறது என்று தெரிந்தது. எந்தக் குண்டில் பார்ப்பது என்று பெட்டி காட்டாமல், வெறும் கண்ணால் இதை யாரும் பிடித்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே கொடுத்த காசு செரித்துவிட்டது என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதையே சொல்வேன்.

பீப் எப்போது வரும் என்று தெரியாததும் பெரிய வரம். ஆள் கையில் விசில் இருந்தால் அவர் மூச்சு இழுப்பதைப் பார்த்தே நாம் அசைந்துவிடுவோம். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் வந்து 0.1 வினாடிக்குள் அசைந்தால் தப்பாட்டம் என்று வைத்திருப்பதற்குக் காரணமே, அவ்வளவு சீக்கிரம் மனுஷ உடம்பு கேட்டு எழும்ப முடியாது, எழும்பினால் முன்கூட்டியே ஊகித்திருக்கிறது என்பதுதான். பெட்டியிடம் அந்தத் திருட்டு நடக்காது.

கெடு வைக்கும் முறையும் சுலபம். கெடு இல்லாமல் பத்துக் குண்டு, எத்தனை பட்டது என்று பார்க்கவும். பிறகு எடுத்த நேரத்தையே கெடுவாக வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கால் வினாடி, அரை வினாடி குறைக்கவும். பத்துக்கு எட்டு படும்வரை குறைத்துக்கொண்டே போகலாம், ஏழுக்கு இறங்கினால் நிறுத்திப் பழைய கெடுவுக்கே திரும்பவும். இரண்டாவது பீப் வந்த பிறகு அவசரமாக ஒரு குண்டு போடுகிற பழக்கம் மட்டும் கூடாது. பீப் வந்தால் விரல் வெளியே, குழல் தட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்தபடி, அவ்வளவுதான். கெடுவுக்குள் முடியாத குண்டு இல்லாத குண்டு.

புள்ளியை நேரத்தால் வகுக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது, ஐபிஎஸ்சி என்ற வேகச் சுடுதல் போட்டிகளில் அப்படித்தான். 10 வினாடியில் 50 புள்ளி எடுத்தவருக்கு 5, 7 வினாடியில் 40 எடுத்தவருக்கு 5.7. அதாவது தவறவிட்டவர் ஜெயிக்கிறார். போட்டிக்கு அது சரி, அதற்கென்று பல வருடம் உழைத்தவர்கள் ஆடும் ஆட்டம் அது. கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு அந்த எண்ணைக் காட்டக்கூடாது என்பது என் கட்சி. காட்டினால் மறுவாரமே தட்டைப் பார்க்காமல் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, இப்போது மைக்குக்கு வருவோம்.

இந்தப் பெட்டிகளை எல்லாம் கைத்துப்பாக்கிக்காரர்களை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். 9 எம்எம் சத்தத்துக்கு மைக் எந்த அளவில் இருந்தாலும் பிடித்துவிடும். .22 அப்படி இல்லை, நீளக் குழல், கொஞ்சமே வெடிமருந்து, நாங்கள் போடும் சாதாரணத் தோட்டா ஒலியின் வேகத்தையும் தாண்டாது, அதனால் சடாரென்ற வெடிப்பும் இல்லை. மைக்கைக் குறைத்து வைத்தால் என் குண்டையே கேட்காமல், ஐந்து போட்ட இடத்தில் மூன்று என்று காட்டும். கூட்டி வைத்தால் அடுத்த தடுப்பில் சுடுகிற, டத்தோ பட்டம் வாங்கிய பெரியவரின் 9 எம்எம் மொத்தமும் என் கணக்கில் ஏறும். நடுவில் ஒரு அளவு இருக்கவேண்டுமே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அது வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, ஆள் வந்தால் ஒன்று, ஆள் போனால் ஒன்று. மெனுவில் நாலு தடவை அழுத்தினால்தான் அந்த இடத்துக்கே போக முடியும், அதுவும் அந்தச் சின்னப் பொத்தானில், வேர்த்த கையோடு.

மழை என்றால் சாதாரண மழையா. பிற்பகல் மூன்று நாலு மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும், முதலில் ஜிங்க் கூரையில் பெரிய பெரிய துளியாக டொக், டொக் என்று விழும். அந்தத் துளி ஒவ்வொன்றும் குண்டு! நான் ரைஃபிளையே எடுக்கவில்லை, பெட்டி 0.83, 1.12, 1.40 என்று எழுதிக்கொண்டிருக்கிறது. போல்ட் ரைஃபிளில் உலகத்தில் எவனும் எட்டாத வேகம். சோ என்று கொட்ட ஆரம்பித்தால் பெட்டியின் கணக்கு நிரம்பி நின்றுவிடும், நாமும் மூட்டை கட்டிக்கொண்டு காடியில் போய் உட்காரலாம். இதைக் கடைக்காரரிடம் சொன்னால் "உள்ளரங்கத்தில் சுடுங்கள்" என்று பதில். ஈப்போ பக்கத்தில் எங்களுக்கு எவன் உள்ளரங்கம் கட்டி வைத்திருக்கிறான்?

இதுவரைக்கும் திட்டியது போதும் என்று நினைக்கும்போதுதான் அந்த 0.15 வந்தது.

யாரும் வராத ஒரு காலைவேளை, மைக்கை உச்சத்தில் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து குண்டுக்கு ஒன்பது என்று காட்டியது. பக்கத்தில் ஆள் இல்லை, மழை இல்லை. கணக்கைத் திறந்து பார்த்தால் என் நாலு குண்டுக்குப் பின்னால் வால்போல 0.15, 0.15, 0.16, 0.15 ஒட்டிக்கொண்டிருந்தது. 0.15 வினாடியில் போல்ட் இழுத்து இன்னொன்று சுட யாராலும் முடியாது. ஐந்தாவது குண்டுக்கு மட்டும் வால் இல்லை. அந்த ஐந்தாவதுதான் தட்டில் படாமல் போன குண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தோட்டா வினாடிக்குச் சுமார் 320 மீட்டர் போகும், 25 மீட்டருக்கு 0.08. தட்டில் பட்டு எழுந்த 'டிங்' திரும்பி வரவேண்டும். நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர், ஆக 0.07. கூட்டினால் 0.15. பின்னால் இருப்பது வெறும் மண்மேடு, அதில் போய் இறங்கும் குண்டு சத்தம் காட்டாது. ஆகவே வால் இருந்தால் பட்டது, வால் இல்லாவிட்டால் படவில்லை. விளக்கப் புத்தகத்தில் இதைக் குறை என்று எழுதி, எதிரொலியைத் தவிர்க்க மைக்கைக் குறைக்கச் சொல்கிறார்கள். எனக்கோ நேரத்தையும் அடியையும் ஒரே சீட்டில் எழுதித் தருகிற குமாஸ்தா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. எத்தனையாவது குண்டு தவறியது, அதற்கு முந்தைய இடைவெளி எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில்தான் நான் தவறவிடுவது அவசரப்பட்ட குண்டை அல்ல, ரொம்ப நேரம் பிடித்து வைத்திருந்த குண்டை என்று தெரிந்தது. நின்றுகொண்டு சுடும்போது ரைஃபிள் அமைதியாக இருப்பது ஒரு சில வினாடிதான், அதைத் தாண்டினால் கை நடுங்கும், கண் மங்கும், மனம் மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சும். விட்டு இறக்கி மறுபடி ஏற்றுவதுதான் முறை. எல்லாரும் சொல்கிற பாடம், ஆனால் என் எண்ணில் என் தவறுதலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ரிப்பேர் கதையையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று ஒருநாள் பீப் மட்டும் வருகிறது, ஒரு குண்டையும் பிடிக்கவில்லை. வாங்கிய இடத்தில் கேட்டால் வாரண்டி முடிந்தது, பார்ட்ஸ் இல்லை, புதுசு எடுங்கள் என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். "என்னண்ணே இது, கராத்தே போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே திறந்தார். மைக் கம்பி ஒன்று அடியில் பச்சையாகப் பாசி பிடித்து விட்டுப்போயிருந்தது, நம் ஊர் ஈரத்துக்கு அது ஆச்சரியமில்லை. சுரண்டி, ஈயம் வைத்து, ஒரு சொட்டுப் பசை தடவி, இருபது வெள்ளி வாங்கிக்கொண்டார். மேசையைத் தட்டிப் பார்த்தோம், தட்டியதெல்லாம் குண்டாக விழுந்தது. முன்னைவிடக் காது கூர்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஏர் ரைஃபிளுக்காகக் கேட்கிறவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். 10 மீட்டர் ஆட்டத்தில் மின்னணு இலக்குப் பலகையில் 60 குண்டுக்கு 75 நிமிடம், இறுதிச் சுற்றில் ஒற்றைக் குண்டுக்கு 50 வினாடி. 0.5 மில்லிமீட்டர்ப் புள்ளியைத் தேடுகிற பிள்ளைக்கு நூறில் ஒரு வினாடி எதற்கு? கைப்பேசியில் இருக்கும் கடிகாரத்தை எதிரே சாய்த்து வைத்தால் போதும். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாத வயிற்றோடு நின்று சுட்டாரே, அந்த நிதானத்தை எந்தப் பெட்டியும் பீப் அடித்துக் கற்றுத் தராது.

.22, கைத்துப்பாக்கி என்று சுடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? புது மாடலில் எதிரொலியை அதுவே வடிகட்டிவிடுமாம், கைப்பேசியோடு இணையுமாம், மழைச் சத்தத்தையும் குண்டையும் பிரித்துவிடும் என்று போட்டிருக்கிறார்கள். என் குறைகள் எல்லாவற்றுக்கும் பதில் அதில் இருக்கிறது. ஆனால் அந்த வடிகட்டி முதலில் வடிகட்டப்போவது என் 0.15ஐத்தான்.

ஆகவே என்னைக் கேட்டால் எடுக்காதீர்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் ரிப்பேர் பார்த்த தம்பிக்காக. கையில் காசு இருந்தால் கிளப்பில் தோட்டாப் பெட்டிக்குப் பணம் கட்டுங்கள், ஒரு பெட்டியில் 50 இருக்கிறது. பழைய மாடலை விற்பீர்களா என்று உள்பெட்டியில் கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், விற்கமாட்டேன். இரவல் கேட்டாலும் தரமாட்டேன்.