ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஸ்கெட்ச் நோட்டு

கேலிச்சித்திரம் பழகுகிறேன். தினமும் பத்து முகமாவது கிறுக்கியே தீர வேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை, அதற்காக வாங்கியதுதான் இந்த ஏ5 ஸ்கெட்ச் நோட்டு, 100 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), கம்பிச்சுருள் போட்டது. நின்றுகொண்டே வரைபவனுக்குக் கம்பிச்சுருள் பெரிய உபகாரம், அட்டையைப் பின்னால் மடித்து உள்ளங்கையில் வைத்தால் ஆடாது. 2பி பென்சில் அருமையாகப் பிடிக்கிறது. பிரஷ் பேனா மட்டும் வேண்டாம், மை பின்பக்கம் ஊறி அங்கே இருக்கிற ஆளுக்கும் மீசை முளைத்துவிடும்! மை போடுபவர்கள் 200 ஜிஎஸ்எம் வாங்குங்கள், ஆனால் அந்தக் கனத்தில் பக்கம் குறைவு, வீணாகுமே என்று கை தயங்கும். பழகுகிறவனுக்கு அது ஆகாது.

ஆரப்பாளையத்தில் ஒரு கண்டக்டரை நாலு நாள் வரைந்தேன். மூக்கைப் பெரிதாக்கினேன், ஆள் வரவில்லை. நோட்டைப் பின்னால் புரட்டி நாலையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, விஷயம் மூக்கில் இல்லை, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கிற நீளத்தில். அதை இழுத்துவிட்டு தாடையைச் சுருக்கினேன். எட்டிப் பார்த்த டீக்கடை அண்ணன், "அட, நம்ம தேனி வண்டிக்காரருல்ல!" என்றார்.

சரி, குறை ஒன்று. கடைசிப் பக்கங்கள் கம்பியில் மாட்டிக் கிழிகின்றன. கடையில் சொன்னேன், "எல்லா நோட்டும் அப்படித்தாண்ணே" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். இருந்தாலும் அடுத்ததும் இதையே வாங்கிவிட்டேன்.