மீன் சினை: எண்ணா, பெயரா?
மீனின் சினைப் பருவத்தைக் குறிக்க இரண்டு வழி உண்டு. பழையது எண்: நிலை 1, நிலை 2 என்று. படகிலேயே எழுதி முடித்துவிடலாம். ஆனால் ஓர் அளவுகோலில் 6 நிலை, இன்னொன்றில் 8. சரி, ‘நிலை 5’ என்றால் முட்டையிடப் போகிறதா, இட்டு முடித்ததா?

மற்றது, 2011இல் முன்வைக்கப்பட்ட ஐந்து கட்டங்கள்: முதிராதது, வளர்வது, முட்டையிடத் தயாரானது, ஒடுங்குவது (முட்டையிட்டு முடிவது), மீள்வது (அடுத்த முட்டையிடலுக்கு முன் ஓய்ந்திருப்பது). இதில் பெரிய லாபம் கடைசிக் கட்டம்தான். முதிராத சினைப்பையும் மீளும் சினைப்பையும் வெறுங்கண்ணுக்கு ஒரே மாதிரி சிறுத்துத் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் மீள்வதன் சுவர் தடித்திருக்கும். பழைய முட்டைகள் சிதைந்த தடயமும் தென்படலாம். இவை இரண்டையும் குழப்பினால், எந்த நீளத்தில் மீன் முதிர்கிறது என்ற கணக்கே கெட்டுவிடும்.

திசுவைச் சீவிச் சாயமேற்றும் வேலை கூடுதல்தான். ஆனாலும் என் ஓட்டு பெயர்களுக்கே; எண்ணைப் படகுக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளலாம்.