வேலையில் இருந்தபடியே வேலை தேடுகிறவர்களுக்கு: என் பயோடேட்டா என் கம்பெனிக்கே போன கதை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில் நான்கு ஆண்டும் ஐந்து மாதமும் வேலை பார்த்தேன். 2023இல் அங்கிருந்து வெளியே வந்தேன். நானாக விரும்பி வரவில்லை. வேறு வேலை தேடுகிறேன் என்று கூட வேலை செய்த யாரும் போட்டுக்கொடுக்கவும் இல்லை. நான் பணம் கட்டி நம்பிய கன்சல்டன்சிதான் என் பயோடேட்டாவை என் கம்பெனிக்கே அனுப்பிவைத்தது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி என்னோடு நடந்த எத்தனையோ பேர் இன்றும் ரகசியமாக வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டாகச் சம்பள உயர்வு இல்லை. மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. வடபழனியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அந்தக் கன்சல்டன்சி இருந்தது. பதிவுக் கட்டணம் 3,000 ரூபாய். "ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகள் எல்லாம் எங்களிடம்தான் ஆள் கேட்கிறார்கள் சார். கம்பெனி பெயரை நேர்காணல் முடிவான பிறகுதான் சொல்லுவோம்" என்றார் மேசையில் இருந்த பெண்மணி. என் கம்பெனிக்கு மட்டும் தெரியக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியாதா சார், தினமும் இதே வேலைதானே" என்றார். ஆதார் நகல், பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன். நான்கு பக்கப் படிவத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்தும் போட்டேன்.

ஒழுங்கான கன்சல்டன்சி வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்காது. ஆள் சேர்ந்த பிறகு கம்பெனியிடம் வாங்கும். பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதனால் சரியான ஆளைச் சரியான இடத்துக்கு அனுப்பினால்தான் அவர்களுக்கு வருமானம். நம்மிடமே முன்பணம் வாங்கிக்கொண்டவருக்கு அந்த அக்கறை எதற்கு? கட்டுக் கட்டாக எல்லா இடத்துக்கும் அனுப்புகிறார்கள். இதை அன்றைக்கு எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

மூன்றாவது வாரம், மதிய இடைவேளையில் எச்.ஆர். அறைக்கு அழைத்தார்கள். எங்கள் மேனேஜரும் அங்கே இருந்தார். மேசையில் ஒரு தாள். மேலே கன்சல்டன்சியின் முத்திரை. என் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டு அவர்கள் எண்ணைப் போட்டிருந்தார்கள். கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சென்னையில் ஒரு முன்னணி நிறுவனம்' என்று மாற்றியிருந்தார்கள். ஆனால் படத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அடையாள அட்டைக்காக எடுத்த படம் அது. நான் போட்டிருந்தது எங்கள் சீருடைச் சட்டை. எச்.ஆர். அதிகாரி அந்தச் சட்டைக் காலருக்குக் கீழே விரலை வைத்து, "இது நம் சட்டைதானே?" என்று கேட்டார். எங்கள் பிரிவுக்கே ஓர் ஆள் தேவை என்று கன்சல்டன்சிகளிடம் கேட்டிருந்திருக்கிறார்கள். அந்த இடத்துக்குத்தான் நான் விண்ணப்பித்ததாகத் தாள் வந்திருந்தது.

மேனேஜர் கோபப்படவில்லை. "தம்பி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். மைக்ரோமீட்டரைப் பிடித்து அளவு பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த ஒரு வார்த்தை இன்றும் என்னை வருத்துகிறது.

வேலையை விட்டு எடுக்கவில்லை. பாகங்களின் அளவைத் துல்லியமாகப் பார்க்க, புதிதாக வந்த சி.எம்.எம். இயந்திரத்துக்கான பயிற்சிப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு வேறொருவரை அனுப்பினார்கள். தொடர்ந்து இரவு ஷிப்ட் போட்டார்கள். முக்கியமான வாடிக்கையாளரின் பாகங்களை நான் தொடக்கூட விடவில்லை. நான்காவது மாதம், "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் நல்லபடியாகத் தருகிறோம்" என்றார்கள். சோர்ந்து போயிருந்தேன், அன்றே எழுதிக் கொடுத்தேன்.

அங்கேதான் பெரிய இழப்பு. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டிக்கு) ஐந்து ஆண்டு தொடர்ந்த பணி வேண்டும் என்று அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனக்கு அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம்தான் பாக்கி. அடிப்படைச் சம்பளம் 24,000. அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் 69,230 ரூபாய். இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தது வெளியே வந்த பிறகு. ராஜினாமாக் கடிதம் கேட்டால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். சேர்ந்த தேதியை எடுத்து நாட்களை எண்ணிப் பாருங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கன்சல்டன்சிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். படிவத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்கள். 'எந்த நிறுவனத்துக்கும் அனுப்பச் சம்மதம்' என்று பொடி எழுத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்து. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்த பிறகு 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். போன வேலைக்கு அவர்களிடம் பதில் இல்லை.

இப்போது நான் வேலை தேடினால் கம்பெனி பெயரைச் சொல்லாதவரிடம் பயோடேட்டாவைக் கொடுக்க மாட்டேன். எந்தக் கம்பெனிக்கு அனுப்பினாலும் முதலில் எனக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பேன். நௌக்ரி போன்ற தளத்தில் நம் கம்பெனி நம் விவரத்தைப் பார்க்க முடியாதபடி தடுக்கிற வசதி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. யூ.ஏ.என். எண்ணும் சம்பளச் சீட்டும் ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வரும் நேரத்தில் கொடுத்தால் போதும். இப்போதைய மேலதிகாரியைப் பரிந்துரைக்கும் நபராக எழுதவே எழுதாதீர்கள். சீருடைப் படம் வேண்டாம் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரகடத்தில் வேறு வேலை கிடைத்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. வேறு ஏதோ கன்சல்டன்சி. என் பழைய பயோடேட்டா அவர்கள் கையில் இருந்தது; அதே முத்திரை, அதே படம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை அழித்துவிடச் சொன்னேன். "சரி சார், இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.